ஊட்டியில் வாங்கிய செடிக்குத் திருச்சியின் இரவு சுடுகிறது

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திருச்சியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். போன மே மாதம் பெங்களூரிலிருந்து வந்த பேத்தியோடு ஊட்டிக்குப் போயிருந்தோம். சாலையோரக் கடையில் ஒரு செடியைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். தாமரை மாதிரி அடுக்கடுக்கான இலை, கத்தரிப்பூ நிறம், மேலே திருநீறு பூசியதுபோல வெள்ளை. 'சக்குலென்ட் ரோஸ்' என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். "பாட்டி, இதை நீ வளர்க்கணும்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு பீங்கான் கப்பில் மாற்றி நட்டு, ஹால் ஷோகேசில் வைத்தேன். காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இதற்கும் ஒரு கை. தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைப்பேன். இப்போது நிறம் போய் வெளிர்பச்சையாகிவிட்டது. தண்டு முருங்கைக் குச்சிபோல உயர்ந்து, அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் விழுகின்றன. வெயில் போதவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மொட்டை மாடியில் ஒரே ஒரு நாள் வைத்தேன், இலையெல்லாம் திட்டுத்திட்டாகக் கருகிவிட்டது. பஞ்சகவ்யம் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். பொங்கலுக்குப் பேத்தி வருகிறாள். செடி பிழைக்குமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சியில் பத்துப் பன்னிரண்டு இலைகள் இன்னும் இறுக்கமாக இருக்கின்றன. நடுக்குருத்தில் அழுகல் தெரியவில்லை. செடி பிழைக்கும். தலையை வெட்டித்தான் பிழைக்க வைக்க வேண்டும், அதையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். இப்போது புரட்டாசிக் கடைசி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வெட்டுக்காயம் காய்ந்துவிட்டால், பொங்கலுக்கு வேர் பிடித்த செடியைப் பேத்தியிடம் காட்டிவிடலாம். வெட்டும் முறையைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் செடியின் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் வெட்டி நட்டால் புதுச் செடியும் இதே வழியில்தான் போகும்.

உங்களிடம் இருப்பது எச்செவெரியா இனத்தில் ஒரு கலப்பு. நிறம், இலைமேல் இருக்கும் வெள்ளை மாவு, இலையின் வடிவம் மூன்றையும் பார்த்தால் 'பெர்ல் ஃபான் நூர்ன்பெர்க்' என்ற ரகம். நூர்ன்பெர்க் நகரத்து முத்து என்று பொருள், ஜெர்மனியில் உருவாக்கியது. தாய் தந்தை இரண்டுமே மெக்ஸிகோ மலைச்செடிகள். ஒன்று பெரிய இலையோடு தண்டு உயர்ந்து வளரும் கிப்பிஃப்ளோரா. இன்னொன்று தரையோடு உட்கார்ந்து வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருக்கும் எலிகன்ஸ் வகை. முதலாவதிடமிருந்து கத்தரிப்பூ நிறத்தையும் தண்டு போடும் குணத்தையும், இரண்டாவதிடமிருந்து மாவையும் இறுக்கமான அடுக்கையும் உங்கள் செடி வாங்கிக்கொண்டிருக்கிறது. எச்செவெரியா என்ற பெயர் அத்தனாசியோ எச்செவெரியா என்ற மெக்ஸிகோ ஓவியருடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் அரசு அனுப்பிய தாவர ஆய்வுப் பயணத்தில் செடிகளைப் படமாக எழுதியவர் அவர். 1828இல் இந்த இனத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

இந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், ரணகள்ளி. 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று சொல்லிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துக்குள் இலையை வைத்துக் குட்டி வருகிறதா என்று தினமும் திறந்து பார்ப்பார்களே, அதேதான். ரணகள்ளியும் எச்செவெரியாவும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் பெரிய ரகசியமும் முதலில் ரணகள்ளி இலையில்தான் பிடிபட்டது, அதுவும் நம் பக்கத்தில் இருந்தவரிடம். தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். அவர் ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்தபோது காலையில் புளிப்பாக இருந்தது, உச்சிப்பொழுதில் சப்பென்று ஆனது, மாலையில் லேசாகக் கசந்தது. இதை அவர் ஒரு கடிதமாக எழுதினார். 1815இல் லண்டனின் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் அது அச்சானது.

காலைப் புளிப்புக்குக் காரணம் இதுதான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். வறண்ட பாறையில் வாழும் செடி பகலில் வாயைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் இந்தக் குடும்பம் இரவில் திறக்கிறது. இரவெல்லாம் வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேர்த்து வைத்ததைக் கொண்டு வெயிலில் உணவு சமைக்கிறது. வாங்குவது இரவில், சமைப்பது பகலில்.

எனவே அம்மா, உங்கள் செடியின் உயிர் இரவுக் குளிர்ச்சியில் இருக்கிறது. வெயில், தண்ணீர் என்று எல்லோரும் பகலைப் பற்றியே சொல்வார்கள், அதுவும் தேவைதான். ஆனால் இரவு சுட்டால் துளை சரியாகத் திறக்காது. சேமிப்பு குறையும். போதாததற்கு, வெப்பத்தில் செடியின் சுவாசமும் கூடி இருப்பதையும் செலவழித்துவிடும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மெக்ஸிகோ நகரமும் ஏறத்தாழ அதே 2,240 மீட்டர்தான். ஊட்டியில் வாங்கும்போது செடி அத்தனை அழகாக இருந்ததற்கு அதுவே காரணம், தாய்நாட்டில் இருப்பதுபோல இருந்திருக்கிறது. அதே மே மாதத்தில் திருச்சிக்கு வந்ததும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளில் மாட்டிக்கொண்டது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கோத்தகிரியில் ஒரு நாற்றுப் பண்ணையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் சொந்தமாகத் தொடங்கியபோது 140 எச்செவெரியாக்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சித்திரை மாதம். மேலே எப்படி வளர்த்தேனோ அப்படியேதான் கீழேயும் வளர்த்தேன். பத்து நாளில் இலைகள் சுருங்கத் தொடங்கின. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். சுருக்கம் அதிகமானது, இன்னும் கூட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு செடியைத் தூக்கினேன், தலை மட்டும் கையோடு வந்தது. தண்டு கறுத்துக் குழைந்து தொட்டியிலேயே நின்றது. வேர் வேலை செய்யாமல் கிடக்கும் செடிக்கு ஈரம் விஷம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வைகாசி முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒவ்வொன்றும் நானே இலையிலிருந்து முளைக்க வைத்தவை.

உங்கள் செடிக்கு நடந்ததும் இதே கதைதான், கூடவே இருட்டும் சேர்ந்துவிட்டது. படத்தில் தண்டைப் பாருங்கள். விழுந்த இலைகளின் வடு ஒவ்வொன்றுக்கும் இடையே விரல்கடை அளவு இடைவெளி இருக்கிறது. இந்த ரகம் வயதானால் இயல்பாகவே தண்டு போடும். அப்படி இயல்பாக வந்த தண்டில் வடுக்கள் வளையம் வளையமாக நெருங்கி இருக்கும். இடைவெளி விட்டிருந்தால் வெளிச்சம் தேடி எட்டிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். ஷோகேஸ் நமக்கு வெளிச்சமாகத் தெரியும், செடிக்கு அது குகை.

அடி இலை விழுவதில் இரண்டு விதம் உண்டு. காகிதம்போலக் காய்ந்து, பழுப்பாகி, சுருண்டு தண்டோடு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். பழைய இலையின் நீரைச் செடியே உறிஞ்சிக்கொண்டு அதைக் கழித்துவிடுகிறது. மஞ்சளாகி, உள்ளே நீர் தெரிகிற மாதிரி கண்ணாடியாகி, விரல் பட்டாலே விழுந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. உங்களுடையது இரண்டாவது. அந்தக் கப்பின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பீங்கான் கப்புகளில் பெரும்பாலும் இருக்காது. ஐந்து மாதம் ஒவ்வொரு கையாக ஊற்றிய தண்ணீர் அங்கேயேதான் நின்றிருக்கிறது.

இலையின் மேலிருக்கும் வெள்ளையைத் துடைத்துவிட்டேன் என்கிறீர்கள். தூசி என்று நினைத்திருப்பீர்கள். அது செடி தானே சுரக்கும் மெழுகுப் பொடி. கடும் வெயிலைத் திருப்பி அனுப்பவும், மேலே விழும் நீரை உருட்டிவிடவும் அது பூசிக்கொள்ளும் கவசம். ஒரு முறை அழிந்த இடத்தில் அந்த இலை மீண்டும் பூசிக்கொள்ளாது. விரல் ரேகை பதிந்தால்கூட அந்த இலை உதிரும்வரை ரேகை அப்படியே இருக்கும். மாடியில் ஒரே நாளில் கருகியதற்கு இதுவும் ஒரு காரணம்: கவசம் போன இலை, ஐந்து மாதம் நிழலில் கிடந்த இலை, நேராக உச்சி வெயில். கருகிய தழும்பு ஆறாது. புது இலைகள் வந்து அவற்றைக் கீழே தள்ளும்வரை பொறுத்திருங்கள். இனிமேல் தூசி இருந்தால் வாயால் ஊதிவிடுங்கள், அல்லது காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். துணி வேண்டாம்.

இப்போது வெட்டு. கத்தி இந்த இறுக்கத்துக்குள் நுழையாது, இலையைக் கிழித்துவிடும். தூண்டில் நரம்பு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கெட்டியான நைலான் நூல். ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்குக் கீழே இரண்டு மூன்று அடுக்கு இலை விட்டு, தண்டைச் சுற்றி நூலை ஒரு சுற்று போட்டு, பூ கட்டும்போது முடிச்சை இறுக்குவதுபோல இரண்டு முனையையும் எதிரெதிராக இழுத்தால் வெண்ணெயில் போவதுபோல அறுந்து வரும். வெட்டின வாயைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகச் சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு வளையமோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் அழுகல் அதுவரை ஏறிவிட்டது. நூலைத் துடைத்துவிட்டு அரை விரல்கடை மேலே இன்னொரு முறை வெட்டுங்கள். சுத்தமான சதை தெரியும்வரை விடாதீர்கள். தலை சிறியதாகிறதே என்று பாவம் பார்த்தால் முழுதும் போய்விடும்.

பிறகு கீழ் இலைகளில் நான்கைந்தை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்து, அடியோடு கழற்றுங்கள். ஒரு அங்குலம் தண்டு வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தலையை ஒரு வெறும் டம்ளர் வாயில் உட்கார வையுங்கள், தண்டு உள்ளே அந்தரத்தில் தொங்கட்டும். டம்ளரில் தண்ணீர் கூடாது. காற்றோட்டமான, வெயில் படாத இடம். ஏழெட்டு நாளில் வெட்டுவாய் காய்ந்து தோல்போல ஆகிவிடும். மழை ஈரம் இருந்தால் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். மூன்றாவது வாரம் எட்டிப் பார்த்தால் தண்டில் இளஞ்சிவப்பாக நூல்போல வேர் நீண்டிருக்கும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தர வேண்டாம். இலை சற்றே சுருங்கினாலும் பயப்படாதீர்கள், அதற்குள் இருக்கும் நீரே போதும்.

வேர் வந்த தலையை நடும் மண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்தச் செடிகள் பெரும்பாலும் மண்ணால்தான் சாகின்றன. செம்மண்ணோடு தொழு உரம் கலந்தால் ரோஜாவுக்கு அமிர்தம். இதற்கு அது காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு. தேங்காய் நார்த் துகள் இன்னும் மோசம், மேலே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும். கடையில் பெர்லைட், ப்யூமிஸ் என்று லேசான கல்துகள்கள் வாங்கலாம், ஆனால் உங்களுக்கு அது அவசியமில்லை. கட்டடம் கட்டும் இடத்தில் உடைந்த செங்கல் கிடைக்கும். அதைச் சுத்தியலால் தட்டி, முதலில் பெரிய கண் சல்லடையில் சலித்துக் கட்டிகளை நீக்குங்கள், பிறகு சிறிய கண் சல்லடையில் சலித்துப் பொடியை நீக்குங்கள். நடுவில் நிற்கும் மிளகு முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவுதான் வேண்டும். அதில் இரண்டு பங்கு, நன்றாகக் கழுவிய கரடுமுரடான மணல் ஒரு பங்கு, மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, அடுப்புக்கரியை உடைத்து ஒரு கைப்பிடி. எம்-சாண்ட் என்றால் கலங்கல் போகும்வரை மூன்று நான்கு தண்ணீர் கழுவ வேண்டும். அந்த மாவுத் தூசி தங்கினால் சிமெண்டுபோல இறுகிவிடும். கலந்தபின் ஒரு சோதனை: தொட்டியில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல், நீங்கள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அடியில் வடியத் தொடங்க வேண்டும்.

தொட்டி சுட்ட மண் தொட்டியாக இருக்கட்டும், அடியில் ஓட்டை கட்டாயம். செடியின் அகலத்தைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டி என்றால் வேர் போகாத இடத்திலெல்லாம் ஈரம் தங்கும். அடியில் ஜல்லி பரப்பினால் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, ஜல்லிக்கு மேலே தேங்கி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையில் ஒரு துண்டு கொசுவலை போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையை நிரப்புங்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு சொல்ல எனக்கு விருப்பமில்லை, கேட்பவர்கள் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு செடியைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். அடி வரிசையில் ஓர் இலையை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். மாங்காய்போலக் கெட்டியாக இருந்தால் வேண்டாம். சற்றே விட்டுக்கொடுத்து, மேல்தோலில் நெளிநெளியாகக் கோடு தெரிந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது அடியில் வடியும்வரை முழுதாக ஊற்றுங்கள், அதற்குப் பிறகு மறந்துவிடுங்கள். நடுக்குருத்தில் நீர் நிற்கக் கூடாது, தொட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். தினமும் ஒரு கை என்ற பழக்கம் துளசியோடு நிற்கட்டும். மார்கழி, தை, மாசியில் திருச்சி இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும். இந்தச் செடிக்கு நம் ஊரில் கிடைக்கும் உண்மையான வளர்காலம் அதுதான், அப்போது எட்டுப் பத்து நாளுக்கு ஒரு முறை கேட்கும். சித்திரை, வைகாசியில் செடி தூங்கும். அப்போது இலை சுருங்கினாலும் உடனே தண்ணீரைக் கூட்டாதீர்கள், நான் செய்த தவறு அதுதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பொழுது சாய்ந்து தொட்டி ஆறியபின், ஓரமாக அரை டம்ளர். பகலில் ஊற்றினால் அந்த ஈரம் தொட்டிக்குள் வெந்நீராகிவிடும்.

வைக்க வேண்டிய இடம்: கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. காலை வெயில் பத்து, பத்தரை வரை படட்டும், அதற்குப் பிறகு நிழல். முதல் நான்கு நாள் அரை மணி நேரம், அடுத்த நான்கு நாள் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் பழக்குங்கள். நிறம் தானாகத் திரும்பும். கத்தரிப்பூ நிறம் வலுவான வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் வருவது, உரத்தால் வராது. மார்கழியில் வந்து பங்குனியில் மங்கினால் அது நோயில்லை.

மொட்டை மாடியை நான் கூடாது என்று சொல்வது வெயிலுக்காக மட்டுமில்லை. பங்குனி பிறந்தபின் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாடித் தளத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். செடி வாயைத் திறக்கும் நேரமும் அதேதான். மாடியைத் தவிர வேறு இடமே இல்லை என்றால், 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டில், அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடும்படி வையுங்கள். சித்திரை, வைகாசியில் நான் எச்செவெரியாக்களை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஜன்னலோரம் வைத்து, ராத்திரி நாங்கள் தூங்கும் மின்விசிறிக் காற்றிலேயே விட்டுவிடுவேன். அந்த இரண்டு மாதம் செடி வளர வேண்டியதில்லை, உயிரோடு இருந்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழை இதன் தலையில் விழவே கூடாது. கூரைக்குக் கீழே, சாரல் எட்டாத இடம்.

பஞ்சகவ்யம் வேண்டாம். நல்ல பொருள்தான், ஆனால் இது பட்டினியில் அழகாகும் செடி. தழைச்சத்து கிடைத்தால் இலை ஊதி, தண்டு நீண்டு, சதை இளகிப் பூச்சியைக் கூப்பிடும். மேலே சொன்ன மண்புழு உரமே ஒரு வருடத்துக்குப் போதும்.

பூச்சி என்றதும் சொல்ல வேண்டியது, தொட்டியில் எறும்பு ஏறினால் சும்மா விடாதீர்கள். எறும்புக்குப் பின்னால் மாவுப்பூச்சி இருக்கும். செடியே மாவு பூசியிருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. குருத்துக்குள்ளும் இலையின் அடிமடியிலும் பஞ்சுத் திரிபோல ஒட்டியிருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, பூச்சியின் மேல் மட்டும் படும்படி எடுத்துவிடுங்கள். சாயங்காலம் செய்யுங்கள். வேப்பெண்ணெயைத் தெளித்தால் மெழுகுப் பொடி முழுதும் கரைந்து போய், மறுநாள் வெயிலில் இலை வெந்துவிடும்.

கழற்றி வைத்த நான்கைந்து இலைகளை எறிந்துவிடாதீர்கள். கண்ணாடியாகிவிட்டவை உதவாது, கெட்டியாக இருப்பவற்றை ஒரு தட்டில் காய்ந்த மணல் பரப்பி அதன்மேல் படுக்க வையுங்கள். ரணகள்ளிக்கு இலையின் விளிம்பில் குட்டி வரும், இதற்கு இலை தண்டோடு ஒட்டியிருந்த அடிமுனையில் வரும். அதனால்தான் கிழியாமல் அடியோடு கழற்றச் சொன்னேன். ஒரு மாதத்தில் அந்த முனையில் வேர், பிறகு கடுகளவு ரோஜா. எல்லா இலையும் முளைக்காது. முளைத்ததற்கு வேர் கண்டபின் இரண்டு நாளுக்கு ஒரு முறை சில சொட்டு. தாய் இலை வற்றிச் சருகாகும்வரை பிடுங்க வேண்டாம், குட்டி அதைத்தான் குடித்து வளர்கிறது.

இந்தக் குட்டியும் அச்சு அசல் தாயேதான். கலப்புச் செடியின் விதையைப் போட்டால் தாய்போலவே வராது, பாட்டன் பாட்டி குணமெல்லாம் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும். அதனால் இந்த ரகத்தை உலகம் முழுக்கத் துண்டு எடுத்தே பெருக்குகிறார்கள். ஜெர்மனியில் முதலில் தேர்ந்தெடுத்த அந்த ஒரே செடியின் துண்டுதான், கை மாறிக் கை மாறி, உங்கள் ஷோகேசுக்கும் வந்திருக்கிறது. இணையத்தில் ஊதா, நீலம், வானவில் நிறம் என்று படம் போட்டு இந்த ரகங்களின் விதை விற்கிறார்கள். பேத்தி ஆசைப்பட்டாலும் வாங்கித் தராதீர்கள். முளைத்தால் ஏதோ ஒரு கீரைதான் முளைக்கும்.

இன்னும் இரண்டொரு செடி வைக்க மனம் வந்தால், இதன் உறவிலேயே திருச்சிக்குப் பொருந்துவது இருக்கிறது. கிராப்டோபெட்டலம் பராகுவேயன்ஸ் என்று கேளுங்கள், சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறம், அதே தாமரை உருவம். பெயரில் பராகுவே இருப்பது பழைய பிழை, அதுவும் மெக்ஸிகோதான். இதையும் எச்செவெரியாவையும் கலந்து உருவானவை கிராப்டோவெரியா. அதில் 'ஃப்ரெட் ஐவ்ஸ்', 'டிடியூபன்ஸ்' போன்றவை நம் இரவுச் சூட்டை எச்செவெரியாவைவிட நன்றாகத் தாங்குவதை என் பண்ணையில் பார்க்கிறேன். முதல் செடி வாங்க வருபவர்களுக்கு நான் இவற்றைத்தான் கொடுக்கிறேன்.

தலையை எடுத்தபின் பீங்கான் கப்பில் நிற்கும் மொட்டைத் தண்டையும் பாருங்கள். மேல்பாதி கெட்டியாக, பச்சையாக இருந்தால் அதற்கும் உயிர் உண்டு. ஈர மண்ணிலிருந்து எடுத்து, கறுத்த வேரையும் அழுகின பகுதியையும் வெட்டி நீக்கி, தலையைப் போலவே காயவைத்து, புதுக் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். இலை விழுந்த வடுக்களுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று மொட்டுகள் கிளம்பலாம். பொங்கல் சமயத்தில் பட்டாணி அளவு இருக்கும்.

பேத்தி பெங்களூர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவு உங்கள் ஊரைவிடக் குளிர்ச்சி. என்னைக் கேட்டால் வேர் பிடித்த தலையை அவளோடு அனுப்பிவிடுங்கள். தண்டில் வந்த குட்டியையும் இலையில் வந்த குட்டியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே முளைத்த இலை இந்த வெயிலுக்குத் தகுந்த தடிப்போடுதான் வளரும், ஊட்டியிலிருந்து வந்ததைவிட அவற்றோடு உங்களுக்குப் போராட்டம் குறைவு.

அனுப்பும்போது தொட்டியோடு வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கிளம்பும் நாளில் தொட்டியைச் சாய்த்துத் தட்டி, வேரிலிருக்கும் மண்ணை உதறிவிட்டு, செய்தித்தாளைக் கிழித்துக் கசக்கி இலைகளுக்கு அடியில் சுற்றிக் கொடுத்து, ஒரு இனிப்புப் பெட்டியில் இறுக்கமாக வையுங்கள். மூடியில் இரண்டு மூன்று ஓட்டை. பிளாஸ்டிக் உறை கூடாது, உள்ளே வியர்த்துவிடும். அப்படியே பத்து நாள் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அங்கே போய் நட்டபின், முதல் ஐந்து நாள் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பேத்தியிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்புங்கள்.